பாஸ்வேர்டுக்கு முந்தைய கதவு

வெங்காய மண்டியோ உரக்கடையோ, பில் போடும் இரண்டு கணினிகள் ஒரே தரவுத்தளத்தைப் பார்க்க வேண்டும் என்றால், பாடாலூர்ப் பக்கம் மென்பொருள் நிறுவித் தரும் தம்பிகள் முதலில் செய்வது ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ‘லிசன்_அட்ரெசஸ்’ வரியைத் தேடி, ‘லோக்கல்ஹோஸ்ட்’டை அழித்து, நட்சத்திரக் குறி போடுகிறார்கள். முன்னது அந்தக் கணினிக்குள் மட்டும் காது கொடு என்பது; நட்சத்திரத்துக்கு எல்லா முகவரியிலும் காது கொடு என்று பொருள். கேட்டால், “அதான் பாஸ்வேர்டு இருக்கேண்ணே, எச்பிஏ ஃபைல்லயும் ஐபி போட்டிருக்கோம்” என்கிறார்கள்.

வசதியை மறுக்கவில்லை. ஒரு முகவரியை எழுதிவைத்து, ரூட்டர் நாளை வேறொன்று கொடுத்தால், கொள்முதல் நேரத்தில் பில் நிற்கும். பில் போடும் கணினியின் முகவரியை அந்த வரியில் எழுதி, சர்வரே எழும்பாமல் நொந்தவர்களும் உண்டு. அங்கே எழுத வேண்டியது சர்வரின் சொந்த முகவரி. யார் வரலாம் என்பது எச்பிஏ கோப்பின் வேலை. நட்சத்திரம் இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒரே எழுத்தில் தீர்த்துவிடுகிறது.

ஆனால் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதும் எச்பிஏ விதியைப் பார்ப்பதும் அதே போஸ்ட்கிரெஸ்தான். அதற்குள் அந்நியன் அனுப்பியதை அது வாங்கிப் படித்திருக்கும். 2013 ஏப்ரலில் இது வெட்டவெளிச்சமானது. இணைப்புக் கோரிக்கையில் தரவுத்தளப் பெயர் கழித்தல் குறியில் தொடங்கினால் போதும், சர்வரின் கோப்புகளைச் சிதைக்கலாம். பாஸ்வேர்டு தேவையே இல்லை. 9.0, 9.1, 9.2 மூன்று வரிசைகளும் சிக்கின. போஸ்ட்கிரெஸ் காது கொடுக்கும் 5432ஆம் போர்ட்டைத் தொட முடிந்தவன் எவனும் செய்திருக்கலாம். லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் காது கொடுத்த சர்வரை வெளியிலிருந்து எவனாலும் தொட முடியவில்லை. அதற்குப் பத்தாண்டு முன்பே, 2003 ஜனவரி 25 அன்று, 376 பைட் அளவுள்ள ஸ்லாமர் புழு பத்தே நிமிடத்தில் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர்களில் உலகம் முழுக்கப் பரவியது. அதுவும் பாஸ்வேர்டு கேட்டு நிற்கவில்லை. 2017இல் பணயமாகப் பிடிக்கப்பட்ட மாங்கோடிபி தரவுத்தளங்களுக்குப் பாஸ்வேர்டே இல்லை என்பார்கள், சரிதான். அந்த ஆண்டே வெளிவந்த 3.6 பதிப்பு, நிறுவியதும் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் காது கொடுக்கும்படி மாறியது ஏனாம்?

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. நட்சத்திரம் இன்றுள்ள முகவரிகளோடு நிற்பதில்லை. நாளை முளைக்கும் முகவரிகளுக்கும் சேர்த்தே அனுமதி. லைன் போன அன்று சர்வரைக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், பொது ஐபிவி6 முகவரி ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளலாம். சர்வரை மறுபடி தொடங்காமலேயே அந்தப் பக்கமும் காது திறந்துவிடும். எங்கள் ஊரில் வெங்காயப் பட்டறை போடுகிறவர் காற்றுக்குப் பக்கங்களைத் திறந்துவிடுவார். மழைக்குத் தலையை மூடுவார். எது எதற்கு என்று தெரிந்தே செய்வார். நட்சத்திரம் போடுகிறவனுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரூட்டரில் சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்கி, லோக்கல்ஹோஸ்ட்டோடு அந்த ஒன்றை மட்டும் எழுதி, சர்வரை ஒருமுறை மறுபடி தொடங்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல், ஃபயர்வால் கேட்கும்போதும் ‘அலோ’வை அழுத்திவிட்டு பைக்கைக் கிளப்புகிறார் தம்பி. கடைக்காரரிடம் அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுவதும் அவருக்கு அந்தக் கணினியில்தான் இருக்கிறது.