சிவப்பு விளக்கின் முன்

அர்ஜென்டினா எழுத்தாளர் கோர்த்தஸாரின் ‘தெற்கு நெடுஞ்சாலை’ என்ற கதை 1966-இல் வெளிவந்தது. பாரிஸுக்குத் திரும்பும் கார்கள் வழியில் நின்றுவிடுகின்றன. நாட்கள் ஓடுகின்றன. பக்கத்துப் பக்கத்துக் கார்க்காரர்கள் தண்ணீரைப் பங்கிட்டு, காதலித்து, ஒரு சிற்றூராகவே ஆகிவிடுகிறார்கள். வழி திறந்ததும் சிதறிப் போகிறார்கள்.

அருமையான கதைதான். ஆனால் திருப்பூரில், பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் விடும் இரவு வேளையில், ஒரு சிக்னலில் நின்றபோது அது எனக்குப் பாதி உண்மையாகவே பட்டது. அங்கே யாரும் யாரோடும் உறவு கொண்டாடவில்லை, ஹாரனைத்தான் அழுத்தினார்கள். குறுக்குச் சாலை காலியாகக் கிடந்தது. பச்சை விளக்கு அதற்குத்தான் எரிந்தது! என் பக்கத்து மொபெட்டில், நாள் முழுதும் தையல் மிஷினில் குனிந்திருந்துவிட்டு வந்த ஒரு பெண். வீட்டில் உலை வைக்க வேண்டிய நிமிஷங்கள் அங்கே வீணாயின.

எந்தச் சாலையில் நெருக்கம் மிகுதியோ அதற்கேற்பப் பச்சையைப் பங்கிடும் கணக்கை இங்கிலாந்தில் வெப்ஸ்டர் 1958-இலேயே வகுத்துவிட்டார்.

கோர்த்தஸாரின் மனிதர்களுக்குத் தாங்கள் நின்றதன் காரணம் கடைசி வரை தெரிவதில்லை. அதனால் விதியைப் போல் ஏற்றுக்கொள்கிறார்கள். நமக்கோ காரணம் கண்ணெதிரே தெரிகிறது. அதுதான் பொறுக்கவில்லை.