பளபளப்பில் பிறப்பதில்லை வேகம்

ஓர் எஞ்சினின் ஆற்றல், அது எவ்வளவு காற்றை உள்ளிழுத்து எரிபொருளோடு சேர்த்து எரிக்கிறது என்பதைப் பொறுத்தே அமைவதால், காற்று நுழையும் வாசலான சிலிண்டர் ஹெட்டின்மீதே பந்தயப் பட்டறைகளின் கண் முதலில் விழுகிறது. ஹெட்டினுள் வால்வு வரை செல்லும் குடைவழிக்குப் போர்ட் என்று பெயர். அதை அரைத்து வடிவம் திருத்துவது போர்ட்டிங், அதன் உட்சுவரை வழவழப்பாக்குவது பாலிஷிங். இவ்விரண்டும் எப்போதும் இணைத்தே பேசப்படுவதால், போர்ட்டை அகலக் குடைந்து கண்ணாடிபோல் மினுக்கினால் வண்டி பறக்கும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அது முற்றிலும் பிழையான எண்ணம்.

வழி அகலமானால் அதில் ஓடும் காற்றின் வேகம் குறையும். பிஸ்டன் அடிமுனையைத் தொட்டு மேலெழத் தொடங்கிய பின்னரும், விரைந்து வந்த காற்று தன் உந்தத்தால் சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த உந்தத்தை இழந்த எஞ்சின், உச்சச் சுழற்சியில் சிறிது ஆதாயம் காட்டினாலும், வளைவிலிருந்து வெளியேறும்போது தேவைப்படும் நடுச் சுழற்சியில் தளர்ந்துவிடும். பெரும்பயன் கிடைப்பது வால்வு சீட்டை ஒட்டிய சிறு பகுதியில்தான்: போர்ட் திரும்பும் இடத்தின் உட்பக்கத்தில் காற்று சுவரைவிட்டு விலகாதபடி வளைவைத் திருத்துவதும், சீட்டை 30, 45, 60 டிகிரிகளில் மூன்று சரிவுகளாக வெட்டுவதும், மாற்றத்தைக் காற்றோட்டம் அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் ஒவ்வொரு படியிலும் சோதிப்பதுமே உண்மையான போர்ட்டிங். பாலிஷிங், கழிவுப்புகைப் போர்ட்டில் கரி படிவதைக் குறைக்கும். கார்புரேட்டர் எஞ்சினின் உள்வழியிலோ, பெட்ரோல் துளிகள் சுவரில் படலமாகத் தேங்காதிருக்கச் சற்றுச் சொரசொரப்பை விட்டுவைப்பதே வழக்கம்.

போர்ட்டின் வடிவம் பந்தயத்தின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்குக் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினைவிடத் தெளிவான சான்று இல்லை. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் என்பது 1912-இலேயே பெஜோ பந்தயக் காரில் இருந்த ஏற்பாடுதான்; ஆனால் டிஎஃப்வியை வடிவமைத்த கீத் டக்வொர்த், உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் இடைப்பட்ட கோணத்தை 32 டிகிரிக்குக் குறுக்கியதால், போர்ட்டுகள் நிமிர்ந்தன, எரியறை ஆழம் குறைந்து கச்சிதமானது, பிஸ்டனின் தலையும் ஏறக்குறைய தட்டையாகவே இருக்க முடிந்தது. நிமிடத்துக்கு 9,000 சுழற்சியில் ஓர் உள்ளிழுப்பு வீச்சுக்குக் கிடைப்பது நொடியில் 300-இல் ஒரு பங்கே என்பதை எண்ணினால், நிமிர்ந்த வழியின் அருமை விளங்கும். 2,993 சிசி கொண்ட அந்த வி8, ஏறத்தாழ 400 குதிரைத்திறனுடன் 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட்டில் களமிறங்கிய முதல் பந்தயத்திலேயே, லோட்டஸ் 49 காரில் ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தந்தது. சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள் கொண்ட ரெப்கோ எஞ்சினுடன் ஓடிய ஜாக் பிராபம் இரண்டாவதாக வந்தார்.

எனினும், லோட்டஸ் கார்கள் பலமுறை பழுதாகி நின்றதால், அவ்வாண்டின் உலகப் பட்டம் ரெப்கோவின் நம்பகத்தன்மையோடு ஓடிய டென்னி ஹல்முக்கே சென்றது. டிஎஃப்வியின் முதல் உலகப் பட்டத்தை 1968-இல் கிரஹாம் ஹில் வென்றார்; 1983 டெட்ராய்ட் பந்தயம் வரை அக்குடும்ப எஞ்சின்கள் பெற்ற கிராண்ட் பிரீ வெற்றிகள் 155.