திருப்தி என்றொரு சொல்

கொடைக்கானல் ஏரிப் பக்கம் கோஹினூர் என்று ஒரு பழைய பங்களா உண்டு. குதிரைச் சவாரிக்கும் வாடகை சைக்கிளுக்கும் பேரம் பேசிக்கொண்டு போகிற கூட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாயுடுபுரத்து டீக்கடையில் விசாரித்தால், வயதானவர்கள் மட்டும் "காஷ்மீர்க்காரர வச்சிருந்தாங்களே, அந்த வீடுங்களா?" என்று கேட்பார்கள். வச்சிருந்தாங்க. இவ்வளவு பொருத்தமான வினைச்சொல்லை வரலாற்று நூல்களில்கூட நான் பார்த்ததில்லை. ஷேக் அப்துல்லா அங்கே குடியிருந்தார் என்று சொல்ல முடியாது, தண்டனை அனுபவித்தார் என்றும் சொல்ல முடியாது. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. வைக்கப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

1965 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபாரின் அஃபேர்ஸ் இதழில் காஷ்மீர் பற்றி அவருடைய கட்டுரை வந்தது. ஹஜ் பயணத்தின்போது அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். மே 8 அன்று டெல்லி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது. முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். அந்த செப்டம்பரில் காஷ்மீருக்காக இரண்டு நாடுகள் போரிட்டுக்கொண்டிருந்தபோது, காஷ்மீரின் முதல் தலைவர் பழனி மலையில் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1967 வரை இந்த ஊர். முழு விடுதலை 1968 ஜனவரியில்தான்.

எந்தச் சட்டம்? இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும். 1962 அக்டோபர் சீனப் போருக்காக வந்தவை. அந்தப் போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை ஐந்து வருடத்துக்கு மேல், 1968 ஜனவரி வரை நீடித்தது. எமர்ஜென்சி என்றதும் நாம் 1975-க்குத் தாவிவிடுகிறோம். அதைவிட மூன்று மடங்கு நீளமான இதைப் பற்றித் தமிழில் யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

தடுப்புக் காவலுக்கான விதியின் எண் 30. தொழில் காரணமாகவோ என்னவோ, சட்டத்தை நான் நிரல் மாதிரிதான் படிக்கிறேன். இன்ன நிபந்தனை உண்மையென்றால் இன்னதைச் செய். இந்த விதியில் நிபந்தனை என்ன தெரியுமா? குறிப்பிட்ட நபரைத் தடுத்து வைப்பது அவசியம் என்று அரசு "திருப்தி" அடைந்தால். அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்றில்லை. செய்யக்கூடும் என்று அரசுக்குத் திருப்தி வந்தால் போதும். நிபந்தனையின் மதிப்பைத் தீர்மானிப்பவரும் நிரலை ஓட்டுபவரும் ஒருவரே. இப்படி ஒருவர் நிரல் எழுதிக் கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் இது புதிதாக எழுதியதும் அல்ல. 1939-ல் இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரர்கள் எழுதிய பாதுகாப்பு விதி 26-ன் அச்சு அசல் வாரிசு. காங்கிரஸ்காரர்களை உள்ளே தள்ளிய வாசகத்தைக் காங்கிரஸ் அரசு தூசு தட்டி எடுத்துக்கொண்டது.

அந்த 1965-ல் இதே சட்டத்தின் கீழ் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காக பிப்ரவரியில் கைதான மு. கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில். ஆங்கிலத்தை ஒழிக்கக் கிளம்பிய ராம் மனோகர் லோகியா ஆகஸ்டில் பீகாரில். மொழி விஷயத்தில் இரண்டு பேரும் இரண்டு துருவம். சீனப் போருக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதான் சொன்னேனே, திருப்தி.

இந்தக் காலத்தைத் தன்வரலாறாக எழுதியவர்கள் உண்டு. நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவை இரண்டு: ஷேக்கின் 'ஆதிஷ்-ஏ-சினார்', கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி' முதல் பாகம். முன்னது ஷேக் சொல்ல முகமது யூசுஃப் டெயிங் எழுதிய உருது நூல். ஷேக் 1982-ல் இறந்த பிறகு வெளியாகி 1988-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நான் படித்தது குஷ்வந்த் சிங் ஆங்கிலத்தில் செய்த சுருக்கம். இரண்டுமே சிறை வாசத்தை நன்றாகவே சொல்கின்றன. 1953 ஆகஸ்டில் குல்மார்கில் ஷேக் கைதாகும் அந்த அதிகாலையும், பாளையங்கோட்டைத் தனிமையில் இருந்த தம்பியைப் பார்க்க அண்ணா வந்ததும் சொந்தத் தரப்பின் உணர்ச்சியோடு வருகின்றன. அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் புகார் வேறு. இரண்டு நூல்களிலும் சிறை என்பது தலைவனின் வாழ்க்கையில் ஒரு அத்தியாயம். அவன் எவ்வளவு தாங்கினான், தொண்டர்கள் எப்படி அழுதார்கள், துரோகம் செய்தது யார். எல்லாம் இருக்கிறது. பூட்டைத் தயாரித்த அந்த வாசகம் எங்கிருந்து வந்தது, அது யார் கைக்கும் போகலாமா, என்னைப் போலப் பெயர் இல்லாதவன் இதில் மாட்டினால் அவனுக்கு யார் வருவார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே பக்கம் ஒதுக்கப்படவில்லை. தவறான ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் அந்த எழுத்தின் அடிநாதம். சரியான ஆளைப் பிடித்தால் பரவாயில்லையா?

ஷேக்கிடம் இந்தக் கேள்விக்குக் காரணம் அதிகம். அவர் காஷ்மீரின் பிரதமராக இருந்தபோதுதான் 1953 ஜூன் 23 அன்று சியாமா பிரசாத் முகர்ஜி ஸ்ரீநகரில் காவலில் இறந்தார். அதற்கு ஏழு வாரத்துக்குள் ஷேக்கே உள்ளே.

வேறு ஊரில் வேறு கொள்கையிலும் இது நடந்திருக்கிறது. ருமேனியாவில் 1940 செப்டம்பரில் அதிகாரத்தைப் பிடித்த தளபதி அன்டோனெஸ்கு, முதலில் இரும்புக் காவலர்கள் என்ற பாசிசக் கும்பலைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டார். சில மாதத்தில் அவர்களையே நசுக்கினார். போர்க்காலத்தில் கம்யூனிஸ்டுகளை அடைத்துவைத்த இடங்களில் ஒன்று டிர்கு ஜியு முகாம். கியோர்கியு-டேஜும் இளைஞர் சௌஷெஸ்குவும் ஒன்றாக இருந்தது அங்கேதான். போர் முடிந்ததும் முன்னவர் கையில் நாடு வந்தது. புதிய முகாம்கள் வந்தன. 1965 மார்ச்சில் அவர் இறந்து சௌஷெஸ்கு வந்தார். ஷேக் கைதாவதற்கு இரண்டு மாதம் முன்பு. முகாமில் இருந்தவனுக்கு முகாம் எப்படி இயங்கும் என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊரை அந்தச் சர்வாதிகாரத்தோடு சமன் செய்ய எனக்கு விருப்பமில்லை. இங்கே நீதிமன்றம் இருந்தது. லோகியாவின் வழக்கில் 1965-லேயே உச்ச நீதிமன்றம், சட்டம் ஒழுங்கு வேறு, பொது ஒழுங்கு வேறு என்று பிரித்து அவரை விடுவித்தது. இன்றைக்கும் குண்டர் சட்ட ஆணைகளை ரத்து செய்யும்போது அந்த வாதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. தேர்தலும் இருந்தது. ஷேக்கை அடைத்துவைத்துவிட்டுக் காஷ்மீரில் தேர்தல் நடத்துவது, நேருவைச் சிறையில் வைத்துவிட்டு வெள்ளைக்காரன் இந்தியாவில் தேர்தல் நடத்துவது போன்றது என்று ஜெயப்பிரகாஷ் நாராயண் 1966-ல் இந்திராவுக்கே கடிதம் எழுத முடிந்தது.

ஆனாலும் பூட்டு கைமாறியது. 1978-ல் முதலமைச்சர் ஷேக் அப்துல்லாவின் அரசு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மரக் கடத்தலைத் தடுக்கத்தான் என்றார்கள். விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை. நிபந்தனை அதே திருப்தி.

தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்ததுதான் குண்டர் சட்டம். கள்ளச் சாராயம், போதைப்பொருள் என்று ஆரம்பித்து, பிறகு திருட்டு விசிடி, மணல் என்று வகைகள் சேர்ந்துகொண்டே போயின. இங்கும் திருப்தி, ஒரு வருடம். கருணாநிதி 1975 நெருக்கடியை எதிர்த்தார், அதற்காக 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியையே இழந்தார். அது சின்ன விஷயமில்லை. மிசாவில் அவர் மகனும் அடி வாங்கினார். அதன் பிறகு மூன்று முறை ஆட்சிக்கு வந்த கருணாநிதி, குண்டர் சட்டத்தை விட்டுவைத்தார். 2017-ல் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடத்தப்போன திருமுருகன் காந்தி மீது அ.தி.மு.க. அரசு அதைப் போட்டது. 2023 நவம்பரில் மேல்மா சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் 7 பேர் மீது, மிசா கைதி மு.க. ஸ்டாலினின் அரசு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 6 பேர் மீதான ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த விவசாயிகளில் யாராவது தன்வரலாறு எழுதினால் எனக்கு மேலே சொன்ன இரண்டையும்விட அதைப் படிக்க ஆசை.

ஷேக்கின் சட்டம் 2019 செப்டம்பரில் அவர் மகன் ஃபரூக் அப்துல்லா மீது பாய்ந்தது. ஸ்ரீநகரில் அவருடைய சொந்த வீட்டையே துணைச் சிறையாக அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் பேரன் ஒமர். தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லும் காலத்திலும் மக்களை வாக்களிக்க வைக்கும் செல்வாக்கு அவருக்கு இருக்கிறது என்பது, அவரைத் தடுத்துவைக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று.