முப்பது வருஷ வில்லங்கமும் மூன்றாம் வருஷ ஜூனியரும்

செங்கல்பட்டு நீதிமன்றத்தை ஒட்டிய வக்கீல் அலுவலகம் ஒன்றில் இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரிகிறதென்றால், பெரும்பாலும் உள்ளே ஒரு ஜூனியர் லீகல் ஒப்பினியன் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். மறுநாள் காலை வங்கிக் கிளைக்கு அது போயாக வேண்டும். வங்கியின் பேனலில் இருப்பது சீனியரின் பெயர். பத்திரக் கட்டு வந்து விழுவது ஜூனியரின் மேசையில். தாய்ப்பத்திரம் தொடங்கி பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், வாரிசுச் சான்று என்று வரிசையாகக் கோத்து, பவர் கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடு இருந்தாரா என்று பார்த்து, வில்லங்கச் சான்றோடும் பட்டாவோடும் ஒத்துவைத்து எழுதி முடித்தால், கடைசிப் பக்கத்தில் சீனியர் கையெழுத்திடுவார். கட்டணமும் அவர் கணக்குக்கே போகும்.

இந்த ஏற்பாட்டை வெறும் சுரண்டல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நிலத்தைப் படிக்கும் அறிவு வேறெங்கும் இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. சட்டக் கல்லூரியில் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கற்பிக்கிறார்கள். ஆனால் திருப்போரூர் பக்கத்து மனை ஒன்றின் நான்கெல்லையில் 'கிழக்கே உப்பங்கழி' என்று எழுதியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை சீனியர்தான் சொல்லித் தர வேண்டும். அந்த வரியில் விரலை வைத்து, "ஏம்ப்பா, கழி இங்க வருதுன்னா சி.ஆர்.இசட். எங்கிருந்து அளக்கணும்?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி பல வகுப்புகளுக்குச் சமம். சி.ஆர்.இசட். எனும் கடற்கரை ஒழுங்காற்று விதிகள் கடலோரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அலையேற்றம் பாயும் கழிகளின் கரைக்கும் பொருந்தும். மாமல்லபுரத்தில் இன்னொரு அடுக்கு உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். தொல்லியல் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இது. இவை எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. சான்றில் ஒரு குறையும் இல்லாத மனையில் வீடு கட்டவே முடியாமல் போகலாம். அதை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மாதிரி அலுவலகங்களில்தான் உருவாகிறார்கள்.

ஆனால் அந்த அறிவுக்கு வங்கியின் படிவம் ஒரு வேலி போட்டுவிடுகிறது. கேட்பது 30 வருஷ வில்லங்கம். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் அடமானச் சொத்தை மீட்கும் வழக்குக்கும், அரசு தொடுக்கும் வழக்குக்கும் 30 ஆண்டுதான் கெடு. மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் இது போதும் என்றே வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டுக்குப் போதாது. இந்த மாவட்டத்து ஆட்சியராக இருந்த டிரெமன்கீர் 1891-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892-இன் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் அதே மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இதே செங்கல்பட்டில் உயிர்விட்டார்கள். அந்த வரலாறு நிலத்தடியில் கிடக்கும் ஊரில், 30 வருஷத்துக்குள் நடந்த மூன்று கிரயப் பத்திரங்களைப் பார்த்துவிட்டு 'உரிமை தெளிவானது, விற்பனைக்குரியது' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. பழைய 'ஏ' பதிவேட்டின் குறிப்புரைப் பத்தியில் பஞ்சமி நிலத்தைக் குறிக்கும் 'டி.சி.' என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு முழு நாள் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு ஒப்பினியனுக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுக்கும் கட்டணத்தில் அந்த நாளுக்கு இடமில்லை. ஜூனியருக்குச் சந்தேகம் வந்தாலும், வந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார். தவறான ஒப்பினியன் கொடுத்ததற்காக மட்டுமே ஒரு வக்கீல் மீது குற்றவழக்கு நிற்காது, சதியில் பங்கு இருந்தால்தான் நிற்கும் என்று 2012-இல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீலுக்கு அது சரியான பாதுகாப்பு. நிலம் இழந்த குடும்பத்துக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொன்னால் கோபம்தான் வருகிறது. ஜூனியர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று சொல்லி, சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் மாத உதவித்தொகை என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் நிர்ணயித்தது. 15,000 கையில் வாங்கும் ஜூனியர் எத்தனை பேர் என்று எந்த வக்கீல் சங்க வராண்டாவிலும் கேட்டுப் பாருங்கள். வண்டிக்குப் பெட்ரோல், நகல் எடுக்கச் செலவு எல்லாம் சொந்தக் கைக்காசு. இங்கிலாந்தில் வங்கிச் சட்டம் பழகும் இளைஞர் நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதமே சம்பளம் வாங்குகிறார். அவருக்கும் தூக்கம் கெடுகிறதுதான். ஆனால் அவர் வீட்டில் யாரிடமும் பஸ் காசு கேட்பதில்லை.

கூடப் படித்த நண்பர்கள் சிறுசேரியில் ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். சனிக்கிழமை கோவளம் போகலாம் என்று கூப்பிட்டால், சீனியர் அலுவலகத்தில் கட்டு காத்திருக்கும். ஞாயிறு இடம் பார்க்கப் போக வேண்டும். பெண் ஜூனியர்களுக்கு இது இன்னும் கடினம். சர்வே கல் தேடி ஆளில்லாத லேஅவுட்டில் அலைந்துவிட்டு, கழிப்பறை இல்லாத அலுவலக வராண்டாவில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும், "நம்ம நிலத்துப் பேப்பரைக் கொஞ்சம் பாரும்மா" என்று பந்தியிலேயே கவரை நீட்டுவார்கள்.

இதைவிடக் கனமான வேலை ஒன்று உண்டு. வங்கிகள் வாராக் கடனை மீட்பதற்கான சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் சொத்தைக் கைப்பற்ற அட்வகேட் கமிஷனரை நியமிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இளம் வக்கீல்களுக்குக் கமிஷன் கட்டணம் ஒரு ஆறுதல் வருமானம். போலீஸோடு போய், ஒரு குடும்பத்தின் அடுப்பும் பீரோவும் வாசலுக்கு வருவதைப் பட்டியல் எழுதி, பூட்டி முத்திரை வைக்க வேண்டும். நோட்டீஸுக்குப் பின் 60 நாள் கெடு முடிந்த கடன்தான். சட்டம் சரியாகத்தான் நடக்கிறது. ஆனால் செங்கல்பட்டு சிறிய ஊர். பூட்டிய வீட்டுக்காரரை அடுத்த வாரம் டீக்கடையில் பார்க்க வேண்டிவரும். அதற்கு எந்த சீனியரும் பழக்கித் தருவதில்லை.

இந்தத் தொழில்முறையை ஒழிக்க வேண்டாம், அதன் கணக்கை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. செங்கல்பட்டு மாவட்ட நிலத்துக்குக் கடன் தரும் வங்கிகள், தாங்கள் கேட்கும் ஆவணப் பட்டியலில் பழைய 'ஏ' பதிவேட்டு நகலையும் கடலோரக் கிராமங்களுக்கு சி.ஆர்.இசட். வரைபடக் குறிப்பையும் சேர்த்து, அதற்கான நாளுக்கும் பணம் கொடுக்கட்டும். கட்டணத்தில் ஒரு பங்கு ஜூனியரின் கணக்கில் நேராக விழட்டும். ஒப்பினியனின் கடைசிப் பக்கத்தில், ஆவணங்களை ஆராய்ந்தவர் என்று அவர் பெயரும் பதிவு எண்ணும் வரட்டும். பெயர் போட்டு எழுதுகிறவருக்கு, 'இந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் எழுத முடியாது சார்' என்று சீனியரிடம் சொல்ல ஒரு காரணமாவது கிடைக்கும்.