காட்சியில் இடம்பெறாத கைம்பெண்

தரங்கம்பாடிக் கடற்கரையில் அலைகளை நோக்கி நிற்கிறது டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் எழுப்பியது அது. 1845இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அதனுள் அமைந்திருக்கிறது.

பீங்கான் கலங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், வாள்கள், ஈட்டிகள், சுடுமண் உருவங்கள் என அங்குள்ளவை பார்க்கத் தக்கவையே. எனினும், அருங்காட்சியகமும் ஒரு நூலைப் போல வாசிக்கப்பட வேண்டியது. இது யாருடைய வரலாறு என்று அதனையும் நாம் கேட்கலாம். பீங்கானும் வாளும் அவற்றை வைத்திருந்தோரின் கதையையே கூறும். ஏதுமற்றோர் எதனையும் விட்டுச் செல்வதில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது காட்சியை அமைப்போரின் கடமை.

சான்று ஒன்று கூறுவேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, 1708இல் இக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதே அதன் தொடக்கம். கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அதனைப் பொறுக்கவில்லை. விசாரணைக்கு எழுத்து மூலம் அழைக்குமாறு கேட்ட சீகன்பால்கு கைதானார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் இச்சுவர்களுக்குள் அவர் கிடந்தார். விடுதலைக்குப் பின் அவர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு இவ்வூரிலேயே அச்சேறியதை யாவரும் அறிவர். அவருக்குச் சிலையும் உண்டு. அக்கைம்பெண்ணின் பெயரை நம்மில் அறிந்தவர் யார்?

அவளுடைய பொருள் எதுவும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் கோட்டையின் கீழ்த்தள அறைகளே போதுமான காட்சிப் பொருள்கள் அல்லவா? சரக்குக்கும் சிறைக்கும் பயன்பட்ட அந்த வளைகூரை அறைகளில் நின்று, அவளுடைய வழக்கைச் சில வரிகளில் வாசிக்க முடிந்தால், பீங்கான் கலங்களும் வேறொரு பொருள் கொள்ளும்.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. அவ்வழக்கில் அவளுக்கு எதிரே நின்றவர், டேனிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஒரு கத்தோலிக்கர். அவளுக்காகச் சிறை சென்றவரோ நம் சபையைச் சாராதவர். இதை மறைத்துப் பேசினால் அருங்காட்சியகத்தைக் குறை கூறும் தகுதியை நாம் இழப்போம்.

நம் பங்குகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். மணி வாங்கித் தந்தவர், பீடம் எழுப்பியவர் பெயர்கள் வரிசையாக இருக்கும். அக்கோவிலுக்குக் கல் சுமந்த பெண்கள் எங்கே? லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நேர்மையற்ற நடுவரை ஓயாது தேடிச் சென்ற கைம்பெண்ணுக்கும் பெயரில்லை. ஆயினும் அவளுடைய வழக்கை ஆண்டவர் தம் உவமையின் நடுவில் வைத்தார். தரங்கம்பாடிக் கோட்டையும், நம் மலர்களும், அவ்வாறு ஓரிடம் ஒதுக்கலாகாதா?