லயக் காம்பிராவும் இருநூறாண்டு நினைவும்

2023ஆம் ஆண்டு இலங்கைச் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டாகவும் மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டாகவும் ஒருங்கே அமைந்தது. தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நினைவு நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையை அடைந்தது.

ஹந்தானைத் தேயிலை நூதனசாலை பழைய தொழிற்சாலையொன்றில் இயங்குவது. ஆங்கு இயந்திரங்களே முதன்மை பெறுகின்றன. கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்து நூதனசாலையோ லயத்திலேயே அமைந்தது. ஒரு குடும்பம் முழுதும் ஒரு காம்பிராவுள் அடங்கிய வாழ்வை அச்சுவர்களே உரைக்கின்றன. விளக்க அட்டை மிகையெனலாம்.

ஆயினும், சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. இவ்விரு செய்திகளையும் ஒரே சுவரில் மாட்டாத நினைவுகூரல் பாதி உண்மையே. எல்கடுவத் தோட்ட லயங்களில் இன்றும் அடுப்புப் புகைகிறது. ஆங்குள்ளோர்க்கு லயம் இன்னும் காட்சிப்பொருளாகவில்லை.