ஒரு பாடலும் பல வடிவங்களும்

ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலுமாகத் தேடிச் சேர்த்தோம். இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்தின் வடிவமும் அவற்றுள் ஒன்று. தாளத்தையும் வேகத்தையும் ஒப்பிட்டோம், சொல்லை மறந்தோம். மீன் கொண்டுவந்ததைக் கூறும் சிங்களத் தொடர், தமிழகத்தில் பலர் வாயில் கண்ணனை அழைக்கும் ஒலியாகிவிட்டது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வளரும் எம் மாணவர்க்கோ அது மீன்தான். சிங்களக் கிராமம் வேலிக்கு அப்பால்தானே! ஆயினும் அயல்மொழி அறிந்திருந்தமை, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டத் தமிழர்மீது நடந்த தாக்குதல்களைத் தடுக்கவில்லை. பாடல் இரு மொழிகளை ஒன்றாக ஆடவைத்தது. இரு மக்களை ஒன்றாக வாழவைக்கும் பொறுப்பைப் பாடலின் தலையில் சுமத்தலாகாது. அது நம்முடையது. பொருளறிந்து பாடுவது அதன் முதற்படி.